ஓரத்தில் எழுதியது

ஒரே புத்தகத்தை அம்மா மூன்றாவது முறையாக எடுத்துவரச் சொன்னபோதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. அப்போது எனக்குப் பத்து வயது. போய் வா என்றால் போய் வர வேண்டியதுதான், அதில் சந்தேகப்பட என்ன இருக்கிறது? சந்தேகத்தைக் கிளப்பிவிட்டவர் வாடகை நூலகக்காரர்தான்.

ஆவடியில் அப்பா வேலை பார்த்த தொழிற்சாலையின் குவார்ட்டர்ஸில் இருந்தோம். கேட்டைத் தாண்டினால் ஒரு சைக்கிள் கடை, அதை ஒட்டி நூலகம் என்ற பெயரில் ஒரு பொந்து. வாரப் பத்திரிகைகளில் வந்த தொடர்கதைகளைக் கிழித்துச் சேர்த்துத் தைத்த பைண்டு புத்தகங்கள்தான் அங்கே அதிகம். அம்மா அந்தப் பக்கம் வந்ததே இல்லை. சனிக்கிழமையானால் பையை மாட்டிக்கொண்டு நான்தான் போவேன்.

“இன்னா பாப்பா, திரும்ப இதே புக்கா? உங்கம்மா இத்த மனப்பாடம் பண்றாங்களா இன்னா?” என்றார் கடைக்காரர். பிறகு தனக்குள் பேசிக்கொள்வது போல, “இன்னொரு பார்ட்டியும் இதே மாதிரிதான். இவங்க குட்தா அவங்க எடுக்கறது, அவங்க குட்தா இவங்க எடுக்கறது. அப்டி இன்னாதான் கீதோ அதுல!” என்றார்.

அப்படி என்னதான் இருக்கிறது என்று பார்க்காமல் இருக்க நான் என்ன மகானா? குவார்ட்டர்ஸ் சுவர் ஓரமாக நடந்தபடியே புரட்டினேன். பன்னிரண்டு வருஷம் கழித்து வீடு திரும்பும் புருஷன், அவனை உள்ளே விடுவதா வேண்டாமா என்று தவிக்கும் மனைவி. கதை அதுதான். ஆனால் பக்கத்துக்குப் பக்கம் ஓரத்தில் இன்னொன்று நடந்துகொண்டிருந்தது.

‘மன்னிப்பதுதான் பெருந்தன்மை’ என்று நீல மையில் ஒரு வரி. அதற்குக் கீழே பென்சிலில், ‘பெருந்தன்மை அவளுக்கு மட்டும்தானா?’ மறுபடி நீலம்: ‘பிள்ளைகளை நினைக்க வேண்டாமா?’ மறுபடி பென்சில்: ‘பிள்ளைகளைச் சொல்லியே எத்தனை பேரை உட்கார வைத்துவிட்டார்கள். நன்றாக வாசிக்கிறவர் நீங்கள், இதை யோசிக்கவில்லையா? உங்கள் அபிப்பிராயத்தை ஒளிக்காமல் எழுதுங்கள்.’

அந்த ‘எழுதுங்கள்’ என்ற சொல்லில் என் கால் நின்றுவிட்டது. ழகரத்தின் வாலை அப்படிச் சுழித்து, அடுத்த எழுத்தின் காலைத் தொடும்படி எழுதுகிற ஆள் இந்த உலகத்தில் ஒருத்திதான். என் நோட்டுகளின் அட்டையில் தமிழ் என்று எழுதித் தருகிற அம்மா. நீல எழுத்து தடித்துச் சாய்ந்து அதட்டலாக இருந்தது. ஆம்பிளை எழுத்து என்று அங்கேயே முடிவு கட்டினேன்.

பயம் வந்துவிட்டது. சும்மா வரவில்லை, காரணத்தோடு வந்தது. அதற்கு முந்தின மாதம்தான் எதிர் பிளாக்கு அத்தையை ஊருக்கு அனுப்பியிருந்தார்கள். அரிசி டின்னுக்குள் ஏதோ கடுதாசி கிடைத்ததாம். அவளுடைய அண்ணன் வந்து, தகரப் பெட்டியை ஆட்டோவில் ஏற்றி, அவளையும் ஏற்றிக்கொண்டு போனார். அத்தையின் மகன் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கத்திய கத்தல் இருக்கிறதே, அப்பப்பா! “கையெழுத்தை வச்சே புருஷன் கண்டுபிடிச்சிட்டாராம்” என்று குழாயடியில் பேசிக்கொண்டார்கள். அந்தக் கடுதாசியில் என்ன இருந்தது என்று எனக்குத் தெரியாது. கையெழுத்துதான் ஆளைக் காட்டிக்கொடுக்கும் என்பது மட்டும் நன்றாகப் பதிந்துவிட்டது.

அப்பா கோபக்காரர். ரசத்தில் உப்பு இல்லையென்று தட்டை நகர்த்துகிற சத்தத்திலேயே எங்கள் வீட்டுப் பல்லி ஓடி ஒளியும். அவர் கதைப் புத்தகம் தொடுகிறவர் இல்லை என்பதால் சாதாரண நாளாக இருந்தால் பிழைத்துப் போயிருப்போம். ஆனால் லெவல் கிராசிங்கில் சைக்கிளோடு விழுந்து, காலில் மாவுக்கட்டோடு ஒரு மாதமாக வீட்டில் கிடந்தார். பேப்பரைப் படித்து, பக்கோடா கட்டிவந்த காகிதத்தையும் படித்து முடித்திருந்தார். அன்று காலை அம்மாவே அவரிடம், “பாப்பா ஒரு புக் எடுத்துட்டு வருவா. இந்தத் தடவை நீங்களும் படிச்சுப் பாருங்களேன். கதையை மட்டும் இல்ல, எல்லாத்தையும் படிங்க” என்று சொல்லியிருந்தாள். சுவர் ஓரத்தில் நின்றபோதுதான் இது நினைவுக்கு வந்தது. பாவம், எழுதியதே மறந்துபோயிருக்கிறது அவளுக்கு என்று நினைத்தேன்.

வீட்டுக்குள் நுழைந்தால் அம்மா இல்லை. மண்ணெண்ணெய் வாங்க ரேஷன் கடைக் கியூவுக்குப் போயிருந்தாள். அப்பா கட்டிலில் சாய்ந்திருந்தார்.

“அதானா அந்த புக்கு? இங்க கொண்டா.”

“அட்டை பிஞ்சிருக்குப்பா. ஒட்டித் தரேன்” என்றேன். அவ்வளவு சுத்தமான பொய் அதற்கு முன் நான் சொன்னதில்லை.

“சரி, ஒட்டு. மாத்திரை போட்டது கண்ணைச் சுழட்டுது. எந்திரிச்சதும் பாக்கறேன்” என்று திரும்பிப் படுத்தார்.

பின்கட்டில் துவைக்கும் கல்லுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். நீல மையை அழிக்க முடியாது. அது யாராகவாவது இருந்துவிட்டுப் போகட்டும். பென்சிலை அழித்துவிட்டால் அம்மா தப்பித்துவிடுவாள். முதல் பக்கத்திலிருந்து ஆரம்பித்தேன். எத்தனை எழுதியிருக்கிறாள் என்கிறீர்கள்! ஓரத்தில் இடம் போதாமல் அத்தியாயம் முடிகிற வெற்றிடத்தில், படத்துக்கு அடியில், தலைகீழாகக்கூட எழுதியிருந்தாள். ஓரிடத்தில் ஒரு கேலிக்கு நானே சிரித்துவிட்டு அழித்தேன். எங்களிடம் அவள் இவ்வளவு பேசியதே இல்லை. உள்ளே அப்பா இருமினால் என் கை நின்றுவிடும். குறட்டை மறுபடி கேட்டதும் தொடர்வேன். கடைசியில் ரப்பர் வேர்க்கடலை அளவுக்குத் தேய்ந்துவிட்டது. மிச்சத்தைச் சாக்கடையில் போட்டுவிட்டேன். ரப்பரைத் தொலைத்ததற்கு மறுநாள் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டது வேறு கதை. துகளையெல்லாம் ஊதி ஊதித் தள்ளியதில் எனக்கு மூச்சு வாங்கியது.

எல்லாப் பக்கமும் முடிந்தபோது நீல வரிகள் மட்டும் தனியாக நின்றன. கடைசிப் பக்கத்தில் அவர் புதிதாக எழுதியிருந்தார்: ‘உங்களோடு வாதாடி ஜெயிக்க முடியாது. விட்டுவிடுகிறேன்.’ போய்த் தொலையட்டும் என்று சந்தோஷமாக இருந்தது எனக்கு.

அப்பா எழுந்து புத்தகத்தைப் பிரித்தார். நான் வாய்ப்பாடு நோட்டை விரித்து வைத்துக்கொண்டு அவர் முகத்தையே பார்த்தேன். அவர் புருவம் ஏறும்போதெல்லாம் எனக்கு மூத்திரம் முட்டியது. அம்மா மண்ணெண்ணெய் கேனோடு வந்து, அவர் கையில் புத்தகத்தைப் பார்த்துவிட்டு அடுப்படிக்குப் போனாள். காய் நறுக்கும் சத்தம் கேட்டது. நடுநடுவே நின்றது. இரண்டு முறை தலையை நீட்டிப் பார்த்தாள்.

“ஏம்மே!” என்று அப்பா கூப்பிட்டார். நான் சுவரோடு ஒட்டிக்கொண்டேன். ஆட்டோவும் தகரப் பெட்டியும் கண் முன்னால் வந்துவிட்டன.

“இதுல எவனோ ஒருத்தன் கதையைப் பத்திச் சண்டை போட்டிருக்கான் பாத்தியா? எதிராளி எழுதினதை மட்டும் சுத்தமா அழிச்சு வச்சிருக்காங்க. இவன் திணர்றதைப் பாத்தா அந்த எதிராளி பெரிய ஆளா இருப்பான் போல. அது இருந்திருந்தா நல்லா இருந்திருக்கும். கதையைவிட அதுதான் ருசி.”

அம்மா கையைப் புடவையில் துடைத்தபடி வந்து புத்தகத்தை வாங்கினாள். முதலில் வேகமாகப் புரட்டினாள். பிறகு மெதுவாக. ஒரு பக்கத்தை ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தாள். கடைசிப் பக்கத்துக்கு வந்து, அந்த நீல வரியைத் திரும்பத் திரும்பப் படித்தாள்.

“பிடிக்கலைன்னா பிடிக்கலைன்னு எழுதியிருக்கலாம். எதுக்கு அழிக்கணும்?” என்றாள்.

“யாரைச் சொல்றே?” என்றார் அப்பா.

“ஒண்ணுமில்ல. குழம்பு கொதிக்குது.”

நான் விட்ட பெருமூச்சு தெருவுக்கே கேட்டிருக்கும். அம்மாவைக் காப்பாற்றிவிட்டேன். அன்று ராத்திரி அவள் சாப்பிடாமல் படுத்ததைக்கூட தலைவலி என்றுதான் எடுத்துக்கொண்டேன்.

அதற்குப் பிறகும் புத்தகங்கள் எடுத்து வரச் சொன்னாள், ஆனால் எதையும் இரண்டாம் முறை கேட்கவில்லை. திருப்பிக் கொடுக்கும் முன் நான் ஒவ்வொரு பக்கமாகச் சோதித்தேன். ஓரங்கள் சுத்தமாக இருந்தன.

ஒரு மாதம் கழித்து ஒரு சனிக்கிழமை கடையில் ஓர் அம்மாள் நின்றிருந்தார். தலையில் முக்காடு, தடித்த கண்ணாடி, கையில் அந்த பைண்டு புத்தகம். பூந்தமல்லியிலிருந்து வாராவாரம் மகளைப் பார்க்க வருகிறவராம்.

“இந்தப் பாப்பா வூட்லதான் எடுப்பாங்க, கேட்டுக்கோங்க” என்றார் கடைக்காரர்.

அந்த அம்மாள் குனிந்து என் கையைப் பிடித்தார். “கண்ணு, இதுல பென்சில்ல எழுதுறது உங்கம்மாவா? நான் தோத்துட்டேன்னு வெளையாட்டாதான் எழுதினேன். அதுக்குக் கோச்சுகினு எல்லாத்தையும் அழிச்சிட்டாங்களே. பாக்கணும்னு சொல்லும்மா அவங்ககிட்ட.”

நீல மைக்காரர் ஆம்பிளை இல்லை, பெண்தான் என்று கண்ணால் பார்த்தாயிற்று. அம்மாவுக்கு இனி ஒரு ஆபத்தும் இல்லை. ஆனால் இப்போது பயம் என்னைப் பற்றியது. இருவரும் சந்தித்தால் அழித்தது யார் என்று ஒரு நிமிஷத்தில் தெரிந்துவிடும்.

“எங்கம்மாவுக்கு எழுதத் தெரியாது” என்றேன்.

அவர் என்னையே பார்த்தார். “அப்டியா கண்ணு, அப்போ வேற யாரோ” என்று புத்தகத்தைக் கடைக்காரரிடம் கொடுத்துவிட்டு பஸ் நிறுத்தம் பக்கம் நடந்தார்.

ஓட்டமும் நடையுமாக வீட்டுக்கு வந்தேன். அம்மா வாசல்படியில் உட்கார்ந்திருந்தாள். பையை வாங்கினாள், புத்தகத்தை எடுத்துப் பார்க்கவில்லை.

“கடையில யாராச்சும் என்னைப் பத்தி ஏதாவது கேட்டாங்களா?” என்றாள்.

“இல்லையே” என்றேன்.

அதை ஏன் கேட்டாள், இல்லையென்றதும் ஏன் அப்படி எழுந்து உள்ளே போனாள் என்று எனக்கு அப்போது புரியவில்லை.