கடலுக்கு முதுகு காட்டாதவள்

ஐந்து அலை வரை ஒட்டிலியா வாய் திறப்பதில்லை. ஆறாவது உருண்டு வரும்போதுதான் கீழே பார்த்துக் கத்துவாள்: "இவன் பத்தாம் நம்பர் ஆட்டக்காரன்டீ! நேரா வரமாட்டான், வலது பக்கம் வளைவான். நீ இடது பக்கம் ஒதுங்கு!" இடுப்பில் கயிற்றோடு பாறையில் தொங்கும் சபெலா ஒதுங்குவாள். அலையும் சொன்னபடியே வளையும்.

சபெலா அவளுடைய நாத்தனார். ஹெர்குலிஸ் கோபுரம் என்ற கலங்கரை விளக்கத்துக்குக் கீழே, பாறை இடுக்கில் கொத்துக்கொத்தாக ஒட்டி வளரும் பெர்செபெ என்னும் ஓட்டுயிரியை உளியால் பெயர்த்து விற்பது இருவருக்கும் பிழைப்பு. நீர் வற்றியிருக்கும் நேரத்தில் ஒருத்தி இறங்குவாள். மற்றவள் மேலே கயிற்றைப் பிடித்துக்கொண்டு கடலைப் பார்ப்பாள். பார்ப்பவள் கடலுக்கு முதுகு காட்டக் கூடாது. சட்டம் அவ்வளவுதான்.

ஒட்டிலியாவுக்கு ஐம்பத்தாறு வயது, குட்டை உருவம், ஊரைக் கூட்டும் குரல். ஸ்பெயின் கடலோரத்தின் கொருன்யா நகரமே அவளுக்கு ஒரு கால்பந்து மைதானம். கண்ணாடி ஜன்னல்கள் வரிசையாக நிற்கும் துறைமுகப் பக்கம் டிஃபென்ஸ். "அங்க காத்துகூட கதவைத் தட்டிட்டுத்தான் வரும்" என்பாள். அலை அறையும் ஒர்சான் கரை ஃபார்வர்டு. வளைகுடாவின் அந்தப் பக்கம் ரியாசோர் ஸ்டேடியம். தென்மேற்குக் காற்றடித்தால் அதன் கூச்சல் இந்தப் பாறை வரை வரும். கோலா, நடுவருக்கு வசவா என்று சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவாள். ஊர் அணியான தெப்போர் லீக்கை வென்ற வருஷம் நீரூற்றில் செருப்போடு குதித்தவள் அவள்.

போன வருஷம் ஏப்ரலில், கயிற்றைப் பிடித்திருந்தவள் அந்தக் கூச்சலுக்குத் திரும்பிவிட்டாள். ஒரே நொடி. அலை சபெலாவைப் பாறையில் அறைந்து தோள்பட்டையை முறித்தது. கோலும் கோல் இல்லை. "ஒரு ஆஃப்சைடுக்கு என் தோளைக் குடுத்தேன்" என்று சபெலா மதுக்கடையில் எல்லோரையும் சிரிக்க வைப்பாள். ஒட்டிலியா சிரித்ததில்லை. அதன் பிறகு அவள் கயிற்றையே தொடவில்லை. மற்றவர்களுக்குக் கூடை சுமந்தாள்.

இந்த மே மாதம், தோள் கூடியதும் சபெலா நேரே அவள் வீட்டுக்கு வந்து நின்றாள்.

"அண்ணி, ஞாயித்துக்கிழமை சாயங்காலம் நீர் நல்லா வத்துது. கயிறு நீங்கதான்."

"பைத்தியமாடீ? அன்னிக்கு மேட்ச்! ஜெயிச்சா தெப்போர் மறுபடி முதல் டிவிஷன். வேற யாரையாவது கூப்பிடு."

"அன்னிக்குன்னுதான் கேக்கறேன். நீங்க பிடிச்சா இறங்கறேன். இல்லைன்னா உளியைத் தூக்கிப் போட்டுட்டு மீன் மார்க்கெட்ல உக்காந்துக்கறேன்."

அந்த ஞாயிறு தென்மேற்குக் காற்றுதான் அடித்தது. சபெலா இடுக்கில் இடுப்பு வரை நுழைந்திருந்தபோது வளைகுடாவைத் தாண்டி அந்தக் கூச்சல் வந்தது. அது அடங்கவில்லை. துறைமுகத்தில் கப்பல்கள் ஊதத் தொடங்கின. ஒட்டிலியாவின் கழுத்து நரம்பு புடைத்தது; கண் மட்டும் கடலை விட்டு அசையவில்லை. தூரத்தில் ஓர் அலை மற்றவற்றைவிட உயரமாக எழுவது அந்தக் கண்ணில் பட்டது.

"ஏறுடீ! இப்பவே ஏறு!"

உடம்பையெல்லாம் பின்னால் சாய்த்து இழுத்தாள். சபெலா மேலே வந்து விழவும், காலியான இடுக்கில் அலை வெடிக்கவும் சரியாக இருந்தது.

"அண்ணி, கோலு! கப்பலெல்லாம் ஊதுது பாருங்க!" நனைந்த கோழியாகக் கிடந்த சபெலா சிரித்தாள். "நான்தான் மேல வந்துட்டேனே, இப்பவாவது திரும்புங்க!"

"நீ பாத்துச் சொல்லுடீ."

ஒட்டிலியாவின் கன்னத்தில் கண்ணீர் ஓடியது. கடலைப் பார்த்தபடியே ஒரு கையைப் பின்னால் நீட்டித் துழாவி, சபெலாவின் முறிந்து கூடிய தோளைத் தேடிப் பிடித்துக்கொண்டாள்.