நீலத் துணி கட்டிய சாவி

மூன்றாம் மாடிக் கடைசி வீட்டுக்காரர் தன் கிரில் கேட்டை மூன்றடி முன்னால் தள்ளிப் போட்டபோது யாரும் வாய் திறக்கவில்லை. நடைபாதையின் கோடிதானே, செருப்பு அடுக்கவும் நாலு பூந்தொட்டி வைக்கவும் இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டார்கள். பிறகு வேறு நாலு வீடுகளிலும் கேட் முன்னால் வந்தது.

அந்தக் கட்டடத்தின் ஐந்து மாடிப் படிகளையும் பதினேழு வருஷமாகக் கழுவியவள் தையல்காரரின் தங்கை. குடியிருப்பவர்களுக்கு அவள் 'வாளி அக்கா'. எந்தப் படியிலும் ஒரு சொட்டுத் தண்ணீர் தேங்க விடமாட்டாள். தெருமுனையில் கடை வைத்திருக்கும் தையல்காரர், வருகிறவர்களுக்கு அளவெடுத்துக்கொண்டே, "என் தங்கச்சி கழுவுன படியில சோறு போட்டுச் சாப்பிடலாம்ங்க" என்பார். அவர் படிப்பு ஐந்தாம் வகுப்பு. அவளுக்கு அதுவும் இல்லை. சாவிக்கொத்தில் அவள் குழம்பக் கூடாதென்று, கடையில் மிஞ்சிய துணியை விரலகலத்துக்கு வெட்டி ஒவ்வொரு சாவியிலும் கட்டிக் கொடுத்தார். மொட்டை மாடிக்குச் சிவப்பு, மோட்டார் அறைக்கு மஞ்சள், லிஃப்ட் அறைக்குப் பச்சை, மூன்றாம் மாடி கேட்டுக்கு நீலம்.

நீலம் அவள் வேலையில் சேராதது. "அப்படியே உள்ளேயும் ஒரு வாளி ஊத்திடு அக்கா, செடிக்கும் தண்ணி ஆச்சு" என்று கடைசி வீட்டம்மா சாவியைக் கையில் திணித்திருந்தாள். மூன்றடி இடத்துக்காக முடியாதென்று சொல்ல அவளுக்கு நா எழவில்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை அந்த மூன்றடிக்குள்தான் சோப்புத் தண்ணீரில் வழுக்கி விழுந்தாள். இடுப்பெலும்பு முறிந்தது.

ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டு, வலிக்கு நடுவிலும் கொத்தை அண்ணனிடம் நீட்டினாள். "அண்ணே, அவங்க சாவியை முதல்ல குடுத்துடு. நான் இல்லாத நேரத்துல ஒரு செருப்பு காணாம போனாலும் நம்ம தலையிலதான் விடியும்."

தையல்காரருக்கு அது ரொம்பச் சரியாகப் பட்டது. அன்று மாலையே நீலச் சாவியைக் கழற்றிக் கொண்டுபோய்க் கடைசி வீட்டம்மாவிடம் கொடுத்தார். "நல்லாப் பார்த்துக்குங்கம்மா, உங்க சாவிதான்" என்று சொல்லிவிட்டு, தலை நிமிர்ந்து இறங்கி வந்தார்.

ஆபரேஷன் செய்தால் நடக்கலாம், இல்லாவிட்டால் படுக்கைதான் என்றார் டாக்டர். செலவுக்கு இருந்த ஒரே வழி, கட்டடத்தின் பொது இடங்களுக்குக் குடியிருப்போர் சங்கம் எடுத்திருந்த இன்சூரன்ஸ். படி, நடைபாதை, லிஃப்ட், எங்கே அடிபட்டாலும் அது கொடுக்கும்.

பத்தாம் நாள், விழுந்த இடத்தைப் பார்த்து எழுத இன்சூரன்ஸ் சர்வேயர் வந்தார். தையல்காரர் டேப்போடு காத்திருந்தார். கீழ் மாடியில் தள்ளிப் போடாத கேட்டை அளந்து, மேலே வந்து இதையும் அளந்து காட்டினார். "மூணடி ரெண்டங்குலம் வெளியில இருக்கு சார். இது எல்லாருக்கும் பொதுவான தரை."

"அளவு சரிதான் பெரியவரே. ஆனா பூட்டு தொங்குதே! ஒருத்தர் பூட்டி வச்சிருக்கிற இடத்துக்குப் பாலிசி கிடையாது. உங்க தங்கச்சிகிட்ட சாவி இருந்தா, சங்கத்து ஆள் வந்துபோற இடம்னு எழுதலாம். சாவி எங்க?"

தையல்காரர் கொத்தை நீட்டினார். சிவப்பு, மஞ்சள், பச்சை. "நீலத்தைத் திருப்பிக் குடுத்துட்டேன் சார். இதோ நிக்கிறாங்களே, இவங்க கையிலதான்."

கடைசி வீட்டம்மா கணவனின் முகத்தைப் பார்த்தாள். பொது இடம் என்று எழுதிவிட்டால் கேட்டைப் பிடுங்கச் சொல்வார்கள் என்று அவருக்குத் தெரியும். "என்ன சாவி? வேலைக்காரங்ககிட்ட எங்க சாவி எதுக்கு இருக்கு? திறந்து கிடந்துச்சு, உள்ள வந்துட்டா" என்றார் அவர்.

அம்மாள் தலையைக் குனிந்துகொண்டாள்.

தையல்காரர், கூட வந்திருந்த சங்கச் செயலாளரிடம் திரும்பினார். "நீங்களாவது சொல்லுங்கய்யா. அவ சாவி போட்டுத் திறக்கிறதைத் தினம் பார்த்தவங்கதானே?"

செயலாளர் வீட்டு கேட்டும் இரண்டடி முன்னால் இருந்தது. "நான் காலையிலேயே ஆபீஸ் போயிடுவேனே" என்று கண்ணாடியைத் துடைத்தார்.

"இல்லாத சாவியை நான் எப்படிங்க எழுதறது?" என்றபடி சர்வேயர் பேனாவை மூடினார்.

சாயங்காலம் தங்கை கேட்டாள்: "சாவி அவங்ககிட்ட பத்திரமா சேர்ந்துடுச்சுல்ல?"

"சேர்ந்துடுச்சும்மா."

"ஒரு பேச்சு வந்துடுமோன்னு பயந்துகிட்டே கிடந்தேன். ஆபரேஷன் என்னிக்குன்னு கேட்டியா அண்ணே?"

தையல்காரர் கொத்தில் மிச்சமிருந்த துணி முடிச்சுகளை ஒவ்வொன்றாக அவிழ்த்துக்கொண்டிருந்தார். நாளைக் காலை கொத்தைப் படி கழுவ வரும் புது ஆளிடம் கொடுத்துவிட வேண்டும் என்று செயலாளர் சொல்லியிருந்தார்.