முதல் போனுக்கே மூடிய கேட்

1. ரோட்டுக்கு ஒரு கேட்

விமானம் இறங்குவதற்காகப் பஸ்ஸை நிறுத்தி வைத்தவன் நான். இன்றைக்குச் சொன்னால் கதை விடுகிறேன் என்பார்கள்.

ஐம்பதுகளின் தொடக்கத்தில் சிங்கப்பூரின் காலாங் விமான நிலையத்துக்கு ரன்வே நீளம் போதவில்லை. சுற்றிலும் ஊர் நெருக்கிக்கொண்டு வந்தது. நீட்டியபோது ரன்வே மவுண்ட்பேட்டன் ரோட்டைக் குறுக்கே வெட்டிவிட்டது. ரயில் பாதைக்குப் போடுவது போல ரோட்டின் இரு பக்கமும் கேட் போட்டார்கள். காத்தோங் பக்கக் கேட் என் பொறுப்பு.

டவரிலிருந்து இரண்டு முறை போன் வரும். முதல் போனுக்குத் தயாராக நிற்க வேண்டும். இரண்டாவது போனுக்குத்தான் கேட்டை மூட வேண்டும். நான் முதல் போனுக்கே மூடிவிடுவேன். சேர்ந்த முதல் வாரம், இரண்டாவது போன் வந்த நேரத்தில் டிரைஷா என்கிற மூன்று சக்கர சைக்கிள் ரிக்‌ஷா ஒன்று செயின் கழன்று ரன்வே நடுவில் நின்றுவிட்டது. தள்ளி வெளியேற்றுவதற்குள் எனக்கு உயிர் போய் வந்தது. அன்று பிடித்த பயம். அதற்கு நான் வைத்த பெயர் கவனம்.

சனங்கள் சும்மா இருப்பார்களா? மீன்கூடையோடு சைக்கிளில் வரும் சீனர் ஒருவர், ஐஸ் உருகுவதைக் காட்டித் தினமும் பாசார் மலாயில், அதாவது கடைத்தெரு மலாயில், திட்டுவார். நான் காதில் போட்டுக்கொள்வதில்லை. காக்கிச் சட்டையும் சிவப்புக் கொடியுமாகக் கவர்னர் போல நிற்பேன்.

2. பட்டு வேட்டியில் நின்றவன்

இப்போது லிட்டில் இந்தியா என்கிறார்களே, அந்தச் சிராங்கூன் ரோட்டுக் கோயிலில்தான் எனக்குக் கல்யாணம். வெள்ளிக்கிழமை. பத்தரைக்கு ராகு காலம். அதற்குள் தாலி கட்டியாக வேண்டும்.

தஞ்சோங் காத்தோங்கில் மாமா வீட்டிலிருந்து ஒன்பதரைக்குக் கார் புறப்பட்டது. போய்ப் பார்த்தால் கேட் மூடியிருக்கிறது.

"உன் கேட்டுதானே? எறங்கிப் போய்ச் சொல்லு ராசு!" என்று மாமா கத்தினார்.

மாலையோடு இறங்கினேன். என் லீவில் எனக்குப் பதில் நின்றவன் என் கூட்டாளி அந்தோணி.

"எத்தனாவது போன்டா?"

"மொத போன்தான்."

"அப்புறம் ஏன்டா மூடுன?"

"நீதானடா சொல்லிக்குடுத்த? மொத போனுக்கே மூடிரு, எங்கப்பனே வந்தாலும் தொறக்காதன்னு."

"நாந்தான் சொல்றேன்லா, தொற!"

"தொறக்கிறேன். நடுவுல ரெண்டாவது போன் வந்தா?"

கேட்டில் கை வைத்தேன். பின்னால் இரண்டு பஸ், ஒரு லாரி, எண்ண முடியாத சைக்கிள்கள். திறந்தால் அத்தனையும் பாயும். அந்த டிரைஷா கண்ணுக்குள் வந்தது. கையை எடுத்துவிட்டேன்.

மீன்காரர் சைக்கிளை உருட்டிக்கொண்டு பக்கத்தில் வந்தார். மாலையைப் பார்த்தார், கேட்டைப் பார்த்தார். "நான் தெனமும் நிக்கிறேன். இன்னைக்கு நீ நில்லு லா" என்றார் மலாயில். சிரிக்கக்கூட இல்லை. அவர் கூடையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. எத்தனையோ முறை காட்டியிருக்கிறார். நான் பார்த்தது அன்றுதான். வெட்கமாக இருந்தது.

மேக மூட்டத்தில் விமானம் சுற்றிக்கொண்டே இருந்ததாம். இரண்டாவது போன் வர அரை மணிக்கு மேல் ஆனது. அதற்குள் கோயிலுக்குப் போய்த் திரும்பியே வந்திருக்கலாம்.

கோயிலை அடைந்தபோது பத்தரை தாண்டிவிட்டது. ராகு காலம் முடியும்வரை பெண் சரோஜா மணவறையிலேயே உட்கார்ந்திருந்தாள். பன்னிரண்டுக்கு மேல்தான் தாலி ஏறியது. சாயங்காலம் சரோஜா கேட்ட முதல் கேள்வி, "கேட்ட மூடுனது யாரு?"

"அந்தோணி" என்றேன். பொய்யில்லை. ஆனால் உண்மையும் இல்லை.

3. கேட் இல்லாத ரோடு

லீவு முடிந்து போனதும் பழக்கத்தை மாற்றினேன். முதல் போனுக்குக் கேட்டருகே போய் நின்று, ரன்வேயில் யாரும் சிக்கவில்லையே என்று பார்ப்பேன். இரண்டாவது போனுக்குத்தான் மூடுவேன். பயத்தை அடக்குவது அவ்வளவு சுலபமாக இல்லை. அந்த இரண்டு போனுக்கும் நடுவில் மீன்காரர் மணியடித்துக்கொண்டு போய்விடுவார். திட்டு நின்றது.

பிறகு விமானங்கள் பாயா லேபாரில் கட்டிய புது விமான நிலையத்துக்குப் போயின. நானும் அங்கே மாற்றலானேன். கேட்டைக் கழற்றினார்கள். விமான நிலைய நிலத்தில் பிளாட்டுகள் எழும்பின.

அறுபதுகளில் ஒருநாள் சரோஜாவோடு பஸ்ஸில் அந்த வழியாகப் போனேன். கேட் இருந்த இடம் வந்ததும் என்னால் அடக்க முடியவில்லை.

"அன்னைக்கு அந்தோணி மேல தப்பில்ல. மொத போனுக்கே மூடச் சொல்லிக்குடுத்தது நாந்தான்."

"தெரியுமே," என்றாள் ஜன்னலைப் பார்த்தபடியே. "மறுவாரமே அந்தோணி அண்ணன் வந்து சொல்லிட்டாரு. நீங்க எப்ப சொல்லுவீங்கன்னுதான் காத்துக்கிட்டிருந்தேன்."

பஸ் நிற்காமல் போய்க்கொண்டிருந்தது. கேட்டில் நான் யாரையும் அவ்வளவு காலம் நிறுத்தி வைத்ததில்லை.