நாலாம் நம்பர் கிழங்கான்

என் மனைவி என்னைக் கேட்காமல் என் பெயரிலும் சேர்த்து வேண்டிக்கொண்டாள். அதற்குப் பிறகு நடந்த அத்தனை அசிங்கத்துக்கும் அதுதான் காரணம் என்று வெகுநாள் வாதாடிக்கொண்டிருந்தேன்.

விஷயம் பி.ஆர்., அதாவது ஆஸ்திரேலியாவில் நிரந்தரமாகத் தங்குவதற்கான அனுமதி. மெல்பர்னில் ஒரு முதியோர் இல்லத்தில் அவள் நர்ஸ். விண்ணப்பத்தில் அவள் பெயர்தான் முதல். நானும் மகளும் அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டு பின்னால் வருகிற கூட்டம். கையில் இருந்த விசா அடுத்த வருடக் கடைசியில் முடிகிறது. அதற்குள் பி.ஆர். வராவிட்டால் மூட்டை கட்ட வேண்டியதுதான். மூன்றாம் வகுப்பு படிக்கும் மகளுக்குத் தூத்துக்குடி என்றால் வாட்ஸ்அப்புக்குள் இருக்கிற ஓர் ஊர். அவளை எப்படி அங்கே கொண்டுபோய்ச் சேர்ப்பது என்று நினைத்தாலே என் மனைவிக்குத் தூக்கம் போய்விடும்.

விண்ணப்பத்தை அனுப்பிய நாளன்று லேப்டாப்பின் ஓரத்தில் குங்குமம் வைத்தாள். ராகுகாலத்தை இந்திய நேரப்படி பார்ப்பதா மெல்பர்ன் நேரப்படி பார்ப்பதா என்று எங்களுக்குள் அரைமணி நேரம் சண்டை. அதற்குள் அந்த இணையப் பக்கம் எங்களை வெளியே தள்ளிவிட்டது. மறுபடி பாஸ்வேர்டு போட்டு உள்ளே நுழைந்தபோது இரண்டு ஊரிலும் நல்ல நேரம் இல்லை. அனுப்பிவிட்டோம். கண்ணை மூடிக் கொஞ்ச நேரம் நின்றவள், திரும்பிச் சொன்னாள்:

“திருச்செந்தூர் முருகனுக்கு வேண்டிக்கிட்டேங்க. பி.ஆர். வர்ற வரைக்கும் நாம ரெண்டு பேரும் மீனைத் தொட மாட்டோம்னு.”

என்னை ஏன் இழுத்தாய் என்று கேட்டேன். விண்ணப்பத்தில் என் பெயரும் இருக்கிறதே என்றாள். மகளும்தான் இருக்கிறாள் என்றேன். அவள் வளர்கிற பிள்ளை, முருகனுக்குத் தெரியும் என்றாள். வேண்டுமானால் நான் மொட்டை போடுகிறேன் என்றேன். என் தலையில் இறக்குவதற்கு எதுவும் மிச்சமில்லை என்பதும் முருகனுக்குத் தெரியுமாம். பிடித்ததை விட்டால்தான் வேண்டுதலாம். இமிக்ரேஷன் ஆபீசில் உட்கார்ந்திருக்கிற ஆளுக்கு நான் என்ன தின்கிறேன் என்று யார் போய் வத்தி வைக்கப் போகிறார்கள் என்று கேட்டேன். ஃப்ரீசரில் கிடந்த சீலா மீன் துண்டுகளை எடுத்துப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிட்டு வந்தாள்.

ஒன்று சொல்ல வேண்டும். மீன் விஷயத்தில் அவளுக்கு முன்னால் நான் ஒன்றுமே இல்லை. கல்யாணமாகி எங்களுக்குள் வந்த முதல் சண்டை விளைமீன் தலை யாருக்கு என்பதில்தான். அவள் தின்று வைத்த முள்ளைப் பார்த்தால் பூனை நம்மைக் கேவலமாக நினைக்கும். அப்படிப்பட்டவள் விட்டாள். நான் அதைக் கவனித்தேன், ஆனால் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை.

முதல் இரண்டு மாதம் நானும் ஒழுங்காகத்தான் இருந்தேன். கத்திரிக்காயை மீன் குழம்புப் பக்குவத்தில் வைத்து, கண்ணை மூடிக்கொண்டு தின்று பார்த்தேன். கத்திரிக்காய் கத்திரிக்காய்தான்.

சனிக்கிழமை காலையில் அவளுக்கு வேலை, மகளுக்குத் தமிழ் வகுப்பு. மகளை அங்கே இறக்கிவிட்டால் எனக்கு இரண்டு மணி நேரம் ஓய்வு. அங்கிருந்து ஸ்பிரிங்வேல் பத்து நிமிடம். கொத்தமல்லி வாங்கத்தான் போனேன். ஆனால் அந்த ஏசியன் சூப்பர்மார்க்கெட்டில் கொத்தமல்லி வாசல் பக்கம் இருந்தது. நான் நூடுல்ஸ், சாஸ், அரிசி மூட்டை எல்லாவற்றையும் தாண்டிக் கடைசிக்குப் போய் நின்றேன். அங்கேதான் மீன். தொட்டியில் நண்டுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி ஊரை விட்டுப் போகப் பார்த்துக்கொண்டிருந்தன. ஐஸ் மேல் கொடுவா, சங்கரா, மடவை, கணவாய். அங்கே வருகிறவர்கள் எந்த நாட்டுக்காரர்களானாலும் செவுளைத் தூக்கிப் பார்க்கும்போது எல்லாருக்கும் ஒரே முகம். பெண் பார்க்க வந்த மாப்பிள்ளை வீட்டார் முகம். கெட்டுப்போனதோ என்று சந்தேகப்பட்டுப் பார்த்துவிட்டு அதையேதான் வாங்கிக்கொண்டு போவார்கள்.

மேலே ஒரு பலகை. மீனை எப்படித் தரவேண்டும் என்பதற்கு நம்பர் போட்டிருந்தார்கள். ஒன்று, செதில் எடுப்பது. இரண்டு, செதிலும் குடலும். மூன்று, துண்டு போடுவது. நாலு, எல்லாம் செய்து எண்ணெயில் பொரித்துக் கையில் தருவது. நான் வெறுமனே பார்த்துக்கொண்டுதான் நின்றேன். ரப்பர் ஏப்ரன் கட்டிய வியட்நாம்காரப் பெண், ஐம்பது வயதிருக்கும், வைட்டிங் என்று மீனின் இங்கிலீஷ் பெயர் எழுதியிருந்த குவியலிலிருந்து இரண்டைத் தூக்கிக் காட்டினாள். சாட்சாத் எங்கள் ஊர்க் கிழங்கான். “நம்பர்?” என்றாள். நாலு என்று என் வாய் சொல்லிவிட்டது. நான் சொல்லவில்லை.

காரில் உட்கார்ந்து தின்றேன். பாட்டில் தண்ணீரில் கை கழுவினேன். எலுமிச்சம்பழத்தை விரலில் தேய்த்தேன். நாலு கண்ணாடியையும் இறக்கிவிட்டு, மெல்பர்ன் குளிரில் நடுங்கிக்கொண்டே தமிழ் வகுப்புக்குப் போனேன். மகள் ஏறியதும், “அப்பா, வொய் இஸ் இட் ஃப்ரீஸிங்?” என்றாள். காற்றோட்டம் உடம்புக்கு நல்லது என்று சொன்னேன்.

அடுத்த சனிக்கிழமையும் கொத்தமல்லி தீர்ந்துபோனது. ஒரு மாதத்தில் அந்தப் பெண் நம்பர் கேட்பதை நிறுத்திவிட்டாள். நான் தூரத்தில் வரும்போதே இரண்டு கிழங்கான் தராசில் ஏறிவிடும். அவர்கள் பொரியலில் உப்பு மட்டும்தான் என்பதால் வீட்டிலிருந்து மீன் மசாலாத் தூளைச் சின்ன பாட்டிலில் எடுத்துவந்து டேஷ்போர்டுக்குள் வைத்தேன். திருடனுக்கும் ஒரு நேர்த்தி வேண்டும்.

கந்தசஷ்டி ஆறு நாளுக்குள் வந்த ஒரு சனிக்கிழமை, அதே கவுண்டரில் எனக்கு முன்னால் யாழ்ப்பாணத்து அங்கிள் ஒருவர் நின்றிருந்தார். கோயிலில் மைக் பிடித்து, விரதம் இருப்பவர்கள் தண்ணீர் தவிர எதையும் தொடக் கூடாது என்று அறிவிப்பவர் அவர்தான். கையில் ஒரு பை. பைக்குள் நண்டு அசைந்தது. இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்தோம். அவர்தான் முதலில் பேசினார்.

“தம்பி, நீர் என்னைக் காணேல்ல. நானும் உம்மைக் காணேல்ல.”

சரி அங்கிள் என்றேன். போட்டு வாறன் என்று நடந்தவர், திரும்பி வந்து, வியாழக்கிழமைதான் நண்டு புதுசாக இறங்கும் என்று காதோடு சொல்லிவிட்டுப் போனார். அன்றைக்கு எனக்குப் பெரிய ஆறுதல். ஊரே இப்படித்தான் இருக்கிறது என்று தோன்றிவிட்டால் மனசாட்சி படுத்துத் தூங்கிவிடுகிறது.

அந்தத் தூக்கம் ஒருமுறை கலைந்தது. ஒரு சனிக்கிழமை தின்றேன். திங்கட்கிழமை இமிக்ரேஷனிலிருந்து மின்னஞ்சல் வந்தது. இன்னும் சில ஆவணங்கள் வேண்டுமாம். என் மனைவி அதை மூன்று முறை படித்துவிட்டுச் சமையலறையில் போய்த் தரையில் உட்கார்ந்துகொண்டாள். நாம் ஏதாவது தப்பு செய்துவிட்டோமா என்று கேட்டாள். விண்ணப்பத்தைப் பற்றித்தான் கேட்டாள். எனக்குக் கிழங்கானைப் பற்றிக் கேட்டதுபோல் இருந்தது. சாமி இல்லை என்று இருபது வயதிலிருந்து சொல்லிக்கொண்டு திரிபவன், மூன்று வாரம் ஸ்பிரிங்வேல் பக்கமே தலைவைத்துப் படுக்கவில்லை. நாலாவது வாரம் ஆவணங்கள் கிடைத்தன என்று பதில் வந்ததும், சாமிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்பது மறுபடி விளங்கிவிட்டது.

இதில் என்னை இன்றைக்கும் கூச வைப்பது தின்றது அல்ல. ஒரு நண்பர் வீட்டுப் புதுமனை விருந்து. நண்டுக் குழம்பு, இறால் தொக்கு, விளைமீன் தலைக் கறி. என் மனைவி தட்டில் தயிர்ச்சோறும் ஊறுகாயும் வைத்துக்கொண்டு, ஜன்னலைப் பார்த்துச் சாப்பிட்டாள். ஏன் என்று யாரோ கேட்டார்கள். அவள் வாயைத் திறப்பதற்குள் நான் முந்திக்கொண்டு, நாங்கள் இரண்டு பேரும் விரதம், பி.ஆர். வரும்வரை மீன் கிடையாது என்றேன். பெண்டாட்டிக்காக இப்படி இருக்கிற ஆளை நாங்கள் பார்த்ததில்லை என்று பெண்கள் தங்கள் கணவன்மார்களைப் பார்த்துச் சொன்னார்கள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அதையும் அடக்கம் என்று எடுத்துக்கொண்டார்கள். என் மனைவியின் முகத்தில் பெருமை. அன்று காலையில்தான் நாலாம் நம்பர் தின்றிருந்தேன்.

பதினாலாவது மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை பி.ஆர். வந்தது. செவ்வாய் முருகனுக்கு உகந்த நாள் என்று அவள் அழுதாள். செவ்வாய்க்கிழமை ஆபீசில் ஆட்கள் வேலைக்கு வந்திருக்கிறார்கள் என்று நான் சொன்னேன். சொல்லிவிட்டு நானும் அழுதேன். மகள் நடுவில் நின்று, “ஸோ வி ஆர் ஸ்டேயிங்?” என்று கேட்டாள். இரண்டு பேரும் அழுதுகொண்டே தலையாட்டினோம்.

சனிக்கிழமை அவள் லீவு போட்டாள். மகளை வகுப்பில் விட்டுவிட்டு ஸ்பிரிங்வேலுக்கு நாமே போய் மீன் வாங்கலாம் என்றாள். வேறு கடைக்குப் போகலாம் என்று நான் நாலு காரணம் சொன்னேன். அங்கே மீன் பழசு, பார்க்கிங் இல்லை, கூட்டம், தரை வழுக்கும். உங்களுக்கு எப்படித் தெரியும் என்று கேட்டாள். வண்டிச் சாவியைத் தேடப் போனேன்.

கவுண்டருக்கு இருபதடி தூரத்திலேயே அந்தப் பெண் என்னைப் பார்த்துவிட்டாள். கையை ஆட்டினாள். இரண்டு கிழங்கான் தராசில் ஏறின. நான் கண்ணைக் காட்டினேன், தலையை ஆட்டினேன், இருமினேன். என் உடம்புக்கு என்னவோ என்று அவள் பயந்துபோய், என் மனைவியிடம் தனக்குத் தெரிந்த இங்கிலீஷில் விவரமாகச் சொன்னாள். உன் கணவர் நல்ல மனிதர். ஒவ்வொரு சனிக்கிழமையும் வருவார். எப்போதும் நம்பர் நாலு. எப்போதும் காரில் உட்கார்ந்து சாப்பிடுவார், வெளியே போகும்போது பார்த்திருக்கிறேன். வீட்டில் ஆள் இல்லையோ, பாவம் என்று நினைத்தேன். நீ இருக்கிறாயே, சந்தோஷம்.

என் மனைவி அவளைப் பார்த்துச் சிரித்தாள். நன்றி சொன்னாள். பொரித்த பொட்டலத்தை வாங்கிக்கொண்டாள். பிறகு நிதானமாக ஒரு சங்கராவின் செவுளைத் தூக்கிப் பார்த்து, தலையோடு வெட்டச் சொல்லி, அரைக் கிலோ இறாலும் எடுத்துக்கொண்டு காருக்கு வந்தாள். என்னை ஒருமுறைகூடப் பார்க்கவில்லை.

காரில் டிஷ்யூ தேடி டேஷ்போர்டைத் திறந்தாள். மசாலா பாட்டில் உருண்டு அவள் மடியில் விழுந்தது. அவள் கையால் வறுத்து அரைத்த தூள்.

“எத்தனை வாட்டி?” என்று கேட்டாள்.

ஒன்றிரண்டு என்று ஆரம்பித்தேன். அவள் மறுபடி அதையே கேட்டாள். எல்லாச் சனிக்கிழமையும் என்றேன்.

“அப்ப நான் ஒருத்திதான் இருந்திருக்கேன்.”

அந்த இடத்தில் சும்மா இருந்திருக்க வேண்டும். ஆனால் நாக்கில் சனி. அப்படியும் பி.ஆர். வந்துவிட்டதே, சாமிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று நான் அன்றைக்கே சொன்னேனே என்றேன்.

“ஒருத்தி இருந்ததுக்கு வந்திருக்கு. ரெண்டு பேருன்னு சொல்லித்தான் கேட்டேன். உங்க பங்கு அப்படியே நிக்குது. பதினாலு மாசம், இன்னைலருந்து.”

முதல் இரண்டு மாதம் உண்மையாகவே இருந்தேன் என்றேன். மின்னஞ்சல் வந்தபோது விட்ட மூன்று சனிக்கிழமையையும் கழித்துக்கொள்ளச் சொன்னேன். இது என்ன மீன் மார்க்கெட்டா பேரம் பேச என்று கேட்டாள். கார் நின்றுகொண்டிருந்ததே மீன் மார்க்கெட் வாசலில்தான். அதைச் சொல்லும் தைரியம் எனக்கு இல்லை.

பிறகு அவள் பொட்டலத்தைப் பிரித்தாள். என் பாட்டிலைத் திறந்து மசாலாவைத் தூவினாள். பதினாலு மாதத்துக்கு அப்புறம் முதல் வாய். கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்துகொண்டே இருந்தது, துடைக்கவில்லை. இரண்டு கிழங்கானையும் முள் வரைக்கும் தின்று முடித்துவிட்டு, விரலைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: “நல்லாருக்குங்க.”

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

இப்போது ஆறாவது மாதம். சாமி நம்பிக்கை இன்றைக்கும் எனக்குக் கிடையாது. கொடுத்த பி.ஆரை முருகன் திருப்பிக் கேட்பார் என்ற பயமும் கிடையாது. ஜன்னலைப் பார்த்துக்கொண்டு ஒருத்தி தயிர்ச்சோறு தின்றாளே, அது மட்டும் தொண்டையில் நிற்கிறது. அதனால் விரதம் இருக்கிறேன். சனிக்கிழமைதோறும் அதே கவுண்டருக்குப் போய் இரண்டாம் நம்பர் சொல்கிறேன். வீட்டுக்கு வந்து நானே குழம்பு வைக்கிறேன். உப்புப் பார்ப்பது மகள். தலை யாருக்கு என்ற சண்டை எங்கள் வீட்டில் முடிந்துவிட்டது.

போன வாரம் அந்த வியட்நாம் அக்கா, நான் இளைத்துவிட்டதாகச் சொல்லி, கேட்காமலே இரண்டு கிழங்கானைப் பொரித்து இனாமாகக் கையில் திணித்துவிட்டாள். வீடு வரை பத்து நிமிடம். பக்கத்துச் சீட்டில் சூடாக அது. எல்லா சிக்னலும் சிவப்பு. கொண்டுபோய் மேசையில் வைத்தேன். வேலை முடிந்து வந்த என் மனைவி பிரித்து எண்ணிப் பார்த்தாள், இரண்டும் இருந்தன. ஒன்றைத் தின்றாள். மற்றதை டப்பாவில் மூடி ஃப்ரிட்ஜில் வைத்தாள். உங்களுக்கு வேண்டுமா என்று ஒரு பேச்சுக்குக்கூட என்னைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் தின்றிருப்பேன். அது அவளுக்குத் தெரியும்.