ஓட்டிப் பார்க்காத வெறுஞ்சில்லு

செய்தி வந்தபோது காலை பதினொன்றேகால். விஸ்வநத்தம் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் வெடி விபத்து. என் சீனியர் முனியராஜ் அண்ணனின் அம்மா கருப்பம்மாள் வேலை பார்க்கும் கம்பெனி. அண்ணன் அப்போது எங்கள் கல்லூரி ஆய்வுக்கூடத்தில், ஒளி உணரிக் கருவியின் முன்னால் இருந்தார்.

அந்தக் கருவிக்குள் தங்கம் பூசிய சிறு கண்ணாடிச் சில்லு இருக்கும். தீக்காயப் புண்ணில் தங்கும் கிருமியின் புரதத்தை அதன்மேல் பதித்து, நோயெதிர்ப்புப் புரதம் கலந்த கரைசலை ஓடவிடுவோம். இரண்டும் பற்றிக்கொண்டால், சில்லில் பட்டுத் திரும்பும் ஒளியின் கோணம் மாறும். திரையில் கோடு ஏறும். அண்ணனின் ஆராய்ச்சியே இதுதான். அவருடைய அப்பா முத்துக்கருப்பன் ஒரு வெடி விபத்தில் பிழைத்து, பிறகு புண் புரையோடி இறந்தவர். "தீ விட்டுருச்சு, புண்ணு விடல" என்பார் அண்ணன்.

கோடு ஏறினால் நான் துள்ளுவேன். அண்ணன் கிண்டலடிப்பார்.

"ஏம்மா அனு, அதுக்குள்ள லட்டு வாங்கக் கெளம்பிட்டீகளா? என்னமோ ஒட்டியிருக்குன்னுதான் கோடு சொல்லுது. எது, எதுலன்னு சொல்லாது. புரதம் வைக்காத வெறுஞ்சில்லுல ஓட்டிப் பாருங்க. அங்கனயும் ஏறுச்சுன்னா சும்மா சில்லுலதான் ஒட்டியிருக்கு, லட்ட நீங்களே தின்னுக்கோங்க."

அந்த ஓட்டம் இல்லாமல் எந்த முடிவையும் அவர் ஏற்றதில்லை.

அன்று கோடு, நாங்கள் இதுவரை பார்க்காத உயரத்துக்கு ஏறிக்கொண்டிருந்தது. அண்ணன் அதைப் பார்க்கவில்லை. அம்மாவுக்குப் போன் போட்டார். மணி அடித்தது, எடுக்கவில்லை. அதை வைத்து எதுவும் சொல்லமுடியாது. கம்பெனியில் வெடிமருந்து அறைப் பக்கம் போன் கொண்டுபோகக் கூடாது. வாசலில் உள்ள மரப்பெட்டியில் போட்டுவிட்டு, வீடு திரும்பும்போதுதான் எடுப்பார்கள்.

"போயிட்டு வந்துருதேன். இத நிறுத்திப்புடாதீக. வெறுஞ்சில்ல வந்து ஓட்டிக்கிடுவோம்" என்று பைக்கை எடுத்தார்.

கொஞ்ச நேரத்தில் ஆய்வுக்கூடத்து போன் அடித்தது. தெரியாத எண்.

"அனுத்தாயி, நாந்தேன் கருப்பம்மா. ரோட்டுல போன ஒரு தம்பிகிட்ட வாங்கிப் பேசுதேன். எனக்கு ஒண்ணுமில்ல. இவன் போன எடுக்க மாட்டேங்கான். மிசினுக்குள்ள தலைய விட்டுருக்கானாக்கும்? நான் நல்லாருக்கேன்னு சொல்லிப்புடு."

"அண்ணன் அங்கதாம்மா வந்திருக்காங்க" என்றேன்.

நானும் அண்ணனுக்குப் போட்டேன். இணைப்பே கிடைக்கவில்லை.

கம்பெனி வாசலில் நடந்ததைக் காவலாளி சோணைமுத்து பிறகு சொன்னார். வெளியே வந்த பெண்களில் அம்மாவைக் காணாமல், அண்ணன் மறுபடியும் போன் போட்டிருக்கிறார். பெட்டிக்குள் அடித்திருக்கிறது.

"பெட்டியில போன் கெடந்தா ஆளு உள்ள இருக்குன்னுதானம்மா இங்கன கணக்கு. 'ஏலே, அடுத்த ரூமு வெடிக்கும், போகாதலே'ன்னு கையப் புடிச்சேன். 'எங்கம்மா போனு இங்கன கெடக்குய்யா'ன்னு ஒதறிட்டு ஓடிட்டான்."

அடுத்த அறையும் வெடித்தது. அண்ணன் உயிரோடு வெளியே வரவில்லை.

கருப்பம்மாள் முதல் சத்தத்திலேயே பின்வேலியைத் தாண்டி, செருப்புகூட இல்லாமல் கருவேலங்காட்டுக்குள் ஓடியிருந்தார். முள் குத்திய காலோடு ரோட்டைச் சுற்றி வாசலுக்கு வந்தபோது, அவருடைய போன் பெட்டியில்தான் இருந்தது.

அன்று ஏறிய கோடு கணினியில் அப்படியே இருக்கிறது. வெறுஞ்சில்லை இன்னும் யாரும் ஓட்டிப் பார்க்கவில்லை.