தியாகராசா அங்கிளும் என் கரகரப்பும்

பிரிக்ஃபீல்ட்ஸ் தியாகராசா அங்கிளைத் தெரியாதவர்கள் கொடுத்துவைத்தவர்கள். எனக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

தொலைபேசி இலாகாவில் முப்பது வருஷம் லைன் பார்த்து ஓய்வு பெற்றவர். யாழ்ப்பாணத்துக்காரர். நாலாவது மாடி வீட்டில், சாப்பாட்டு மேசை முழுக்க ஊரார் ரேடியோக்களைப் பிரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார். வேலை படு சுத்தம். 'தூக்கிப் போடு, புதுசு வாங்கு' என்று வாய் தவறியும் சொல்ல மாட்டார். அதை நம்பித்தான் என் பழைய கித்தார் ஆம்ப்ளிஃபயரை அவரிடம் கொண்டுபோய்த் தொலைத்தேன்.

நான் இருக்கும் பண்டமாரானிலிருந்து கிள்ளானுக்கு ஒரு பஸ். அங்கிருந்து கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸுக்கு இன்னொரு பஸ். பிறகு நாலு மாடி. துறைமுகக் கிடங்கில் வாரம் முழுக்க மூட்டை தூக்குகிறவனுக்கு லீவு நாளிலும் அதே பிழைப்பு. ஒரே மாதத்தில் நாலு தடவை!

அந்த ஆம்ப்ளிஃபயர் பெட்டியில் இரண்டு சேனல். ஒன்றில் கித்தார் சுத்தமாகக் கேட்கும். மற்றதில் டிஸ்டார்ஷன், அதாவது கரகரவென்று உறும வேண்டும். என் பெட்டியிலோ சுவிட்சைத் தட்டினால் காய்ச்சல்காரன் மாதிரி முனகியது. இன்று நேற்றல்ல, மூன்று வருஷமாக.

மூன்று வருஷமாக என்ன செய்தாய் என்று கேட்பீர்கள். என் கையைத்தான் நொந்துகொண்டிருந்தேன். கிடங்கில் இடது கை விரல் இரண்டு நசுங்கி, இரண்டு மாதம் வாசிக்க முடியாமல் கிடந்தேன். திரும்ப வந்து வாசித்தபோது சத்தத்தில் உயிர் இல்லை. "ஒன் கை போச்சு விஜயா" என்றார் எங்கள் இசைக்குழுத் தலைவர் சபாபதி. நானும் நம்பினேன். தைலம் தேய்த்தேன், வெந்நீரில் ஊறவைத்தேன், விடியுமுன் எழுந்து பழகினேன். போன மாதம் நண்பன் ஒருவனின் ஆம்ப்பில் தற்செயலாக வாசித்தேன். உறுமியது! அப்போதுதான் புத்தி வந்தது. அதற்குள் சபாபதி கீபோர்டு ஒன்று வாங்கிவிட்டார். அதில் கித்தார் சத்தமும் வருமாம். சனிக்கிழமை கிள்ளானில் கல்யாணக் கச்சேரி. அதிலும் நான் முனகினால் குழுவில் எனக்கு இடமில்லை.

இந்த நாலில் முதல் தடவை அங்கிளிடம் சொன்னேன்: "அங்கிள், கரகரப்பு போச்சு லா."

"போனது நல்லதுதானே தம்பி?"

"அந்தக் கரகரப்புதான் அங்கிள் எனக்கு வேணும்!"

"கரகரப்பு வேணுமெண்டு கேட்டு இஞ்ச ஒருத்தரும் வந்ததில்லை. உமக்கு விசரோ?"

அன்று திருகும் குமிழ்களுக்கெல்லாம் மருந்தடித்து அனுப்பினார். இரண்டாம் தடவை, காய்ந்துபோன கெப்பாசிட்டர்களை மாற்றினார். மூன்றாம் தடவை ஐசி சில்லை. ஒவ்வொரு தடவையும், "இப்ப பால் மாதிரி இருக்குது, கேளும்" என்று பெருமையாகச் சிரிப்பார். பால்! எனக்குத் தலையை எங்கே முட்டிக்கொள்வது என்று தெரியாது.

நாலாவது தடவை வியாழக்கிழமை. அரை நாள் லீவு போட்டுப் போயிருந்தேன். இன்றைக்குக் கண்டுபிடிக்காமல் விடுவதில்லை என்று அவரும் உட்கார்ந்தார். நான் ஒரே கம்பியைத் தட்டிக்கொண்டே இருக்க, அவர் சிக்னல் போகும் வழியில் படிப்படியாகத் தொட்டுக் கேட்டுக்கொண்டே வந்தார். ஓரிடம் வரை சத்தம் பலமாக இருந்தது. அதைத் தாண்டியதும் பாதியாய்ச் சுருங்கியது. அங்கே இரண்டு சின்ன டயோட். சத்தத்தின் தலையை வெட்டி உறும வைப்பவை அவைதானாம். இருந்த இரண்டுமோ பழைய ரேடியோவில் போடுகிற சாமான். தலையோடு கழுத்தையும் சேர்த்து வெட்டிவிடும்.

அங்கிளுக்கு வந்ததே கோபம்! "எந்த மடையன்ர வேலை இது? சுரணை கெட்டவன்! இவனையெல்லாம் ஆர் பெட்டியத் திறக்க விட்டது?"

அடுப்படியிலிருந்து அவர் மனைவி குணபூசணி ஆன்டி எட்டிப் பார்த்தார்.

"இஞ்சாருங்கோ, அது நீங்கள் போட்டதெல்லே? மூண்டு வருஷத்துக்கு முன்னம் தம்பி கையில கட்டோட வந்து, பெட்டி இரையுது எண்டு தந்துவிட்டுப் போனவர். இரைச்சலை எடுத்தாப் பிறகு, 'பாவம் பெடியன், கரகரப்பைச் சொல்ல வெக்கப்பட்டிட்டான்' எண்டு நீங்களாத்தானே மாத்தினீங்கள்?"

இரைச்சலுக்காகக் கொடுத்தது எனக்கே மறந்துபோயிருந்தது. அங்கிள் சரியான டயோட் இரண்டைத் தேடியெடுத்துப் பற்றவைத்தார். வாசித்தேன். அலமாரிக் கண்ணாடி அதிர்ந்தது.

எனக்குச் சந்தோஷம் வரவில்லை. ஆத்திரம்தான் பொத்துக்கொண்டு வந்தது. "மூணு வருசம் அங்கிள்! கை வெளங்காதவன்னு எல்லாரும் சிரிச்சாங்க. நானே நம்பிட்டேன்! இப்ப பெட்டிதான் கெட்டுப்போச்சுன்னா சபாபதி நம்புவாரா?"

"சபாபதியின்ர நம்பர் என்ன?" என்றார். சொன்னேன். எழுந்துபோய் டெலிபோனைச் சுழற்றினார்.

"சபாபதியோ? நான் பிரிக்ஃபீல்ட்ஸ் தியாகராசா கதைக்கிறன். இதை ஒருக்காக் கேளுங்கோ." ரிசீவரை ஸ்பீக்கருக்கு முன்னால் நீட்டிப் பிடித்துக்கொண்டு என்னிடம், "வாசியும்" என்றார்.

இருந்த ஆத்திரத்தையெல்லாம் கம்பியில் காட்டினேன். நிறுத்தியபோது சபாபதியின் குரல் எனக்கே கேட்டது. "அடேயப்பா, கை திரும்பிருச்சே! சனிக்கெழம வந்துரச் சொல்லுங்க லா!"

அங்கிள் ரிசீவரைக் காதில் வைத்தார்.

"கை திரும்பி வரேல்லை. அது ஒரு இடமும் போகேல்லை. அவர் கேளாமல் நான் செய்த பிழை, மூண்டு வருஷம் அவர் சுமந்தவர்."

அதைச் சொல்லி முடிக்கும்வரை அவர் என் பக்கம் திரும்பவில்லை.