வாயைத் திற, பார்ப்பம்

போன கிழமை கோயில் திருநாள் விருந்தில் நண்டுக் குழம்பு மணத்தது. மற்றவர்களுக்கு அந்த மணம் பசியைக் கிளப்பும். எனக்குக் கோபத்தைக் கிளப்பும். கோபத்தோடேயே இரண்டு தரம் சோறு போட்டுச் சாப்பிட்டேன் என்பது வேறு கதை.

குருநகர்க் கடற்கரையில் ஒரு தகரக் கொட்டிலில்தான் என் இளவயது போனது. அவித்த நண்டை உடைத்துச் சதை எடுப்பது பெண்களின் வேலை. சதை கொழும்புக்குப் போகும், விரலில் கீறல் எங்களுக்கு. வேலை முடிந்து வெளிக்கிடும்போது முதலாளி வாசலில் நிற்பார்.

"வாயைத் திற, பார்ப்பம்."

சதை தின்றோமா என்று மோந்து பார்ப்பார். பேரப்பிள்ளை கண்டவளும் திறக்கத்தான் வேண்டும். எனக்கு வாய் நீளம் என்று அம்மா எப்போதும் ஏசுவா. அந்த வாசலில் அது எங்கே போனதோ! உலை வைக்க வேறு வழி இருக்கவில்லை.

பிலோமினா அக்கா அப்போது பிள்ளைத்தாய்ச்சி. ஆசையில் ஒரு துண்டுச் சதையை வாயில் போட்டுவிட்டா. முதலாளி கண்டுவிட்டார். எல்லார் முன்னாலும் துப்ப வைத்தார். "நாளைக்கு இந்தப் பக்கம் வரப்படாது" என்றார்.

அவித்த நண்டு ஒரு பகல் தாங்காது. மறுநாள் பெரிய கிடாரங்களில் நண்டெல்லாம் அவிந்து இறங்கும்வரை காத்திருந்தோம். பிறகு நான் எழும்பினேன்.

"கையைக் கழுவுங்கோடி. அவர் தன்ரை நண்டைத் தானே உடைக்கட்டும்."

ஒருத்தி மிச்சமில்லாமல் வெளியே வந்தோம். பின்னேரம் அவர் மூக்கைப் பொத்திக்கொண்டு நாறின நண்டைக் குழி வெட்டிப் புதைத்ததை வரிசையாக நின்று பார்த்தோம்.

பிலோமினா அக்காவின் வீட்டு வளவில் நண்டு அவிக்க எங்கள் சொந்த அடுப்பு எரியத் தொடங்கியது. நண்டு பிடிப்பவர்கள் எங்கள் அண்ணன்மாரும் புருஷன்மாரும்தானே. அவர்களை எங்கள் பக்கம் திருப்பச் சண்டையும் பிடித்தோம், சமைக்காமலும் விட்டோம். கடைசியில் முதலாளிக்கு ஒரு கூடை நண்டும் போகவில்லை. 'பாவம்' என்று சொன்னவளோடு நான் ஒரு மாதம் கதைக்கவில்லை.

போன கிழமைத் திருநாள் விருந்தில் முதலாளியும் இருந்தார். கிழண்டு, பல் விழுந்து, நண்டுக்காலைக் கடிக்கமாட்டாமல் சூப்பிக்கொண்டிருந்தார். நான் ஒன்றை உடைத்துச் சதையை எடுத்துக்கொண்டு கிட்டப் போனேன்.

"வாயைத் திறவுங்கோ, பார்ப்பம்."

திறந்தார். நிமிர்ந்து பார்த்தவருக்கு நான் யாரென்று விளங்கிவிட்டது. சதையை என் வாயில் போட்டுக்கொண்டேன். இரக்கம் வரவில்லையா என்று கேட்பீர்கள். வரவில்லை.

அந்தத் தகரக் கொட்டில் இப்போது இல்லை. அந்த வாசலும் இல்லை. அதே நிலத்தில் எங்கள் பெண்கள் நண்டு உடைக்கிறார்கள், தின்றுகொண்டே.